கெடாவுக்கு முதுகுப்பையோடு வரும் தங்கச்சிக்கு: முதல் நான்கு நாள்

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், சுங்கைப்பட்டாணி ரயில் நிலையத்துக்கு ஒரு பெண்ணை அழைத்துவரப் போனேன். தோழியின் சித்தி மகள். திருச்சிக்காரி, இருபத்து மூன்று வயது, முதல் வெளிநாட்டுப் பயணம். முதுகில் அவளைவிடப் பெரிய பை. கையில் ஒரு தாள்: இன்று பூஜாங் பள்ளத்தாக்கு, சனி அலோர்ஸ்டார், ஞாயிறு லங்காவி, திங்கள் தாய்லாந்து. மறுநாள் காலையில் அவளால் எழுந்திருக்கவே முடியவில்லை. காய்ச்சல். இரண்டு நாள் எங்கள் கூடத்தில் ரசம் சோறு சாப்பிட்டுக்கொண்டு படுத்துக் கிடந்தாள். மூன்றாம் நாள் என்னோடு காலைச் சந்தைக்கு வந்தாள். அன்றைக்குத்தான் இந்த ஊர் அவள் கண்ணில் பட்டது.

அவளைப்போல வரப்போகிற உனக்காக இதை எழுதுகிறேன். நான் பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள், இப்போது சுங்கைப்பட்டாணியில் குடியிருக்கிறேன். என் முதல் வேண்டுகோள் இது: முதல் நான்கு நாளும் ஒரே ஊரில் தங்கு. உடம்பு வெயிலுக்கும், காது பேச்சுக்கும், வயிறு சாப்பாட்டுக்கும் பழகட்டும். அதற்குச் சுங்கைப்பட்டாணி வசதியான ஊர். வடக்கே அலோர்ஸ்டாருக்கும் தெற்கே பட்டர்வொர்த்துக்கும் ரயில் உண்டு, சுற்றிலும் தோட்டங்கள், பக்கத்திலேயே பூஜாங் பள்ளத்தாக்கின் மெர்போக்.

கிளம்பும் முன்னே

மலேசியாவுக்கு வர மின்னியல் வருகை அட்டை நிரப்ப வேண்டும். வந்து இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள், குடிநுழைவுத் துறையின் சொந்தத் தளத்தில் நிரப்பு. அது இலவசம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடு. விசா விதி அடிக்கடி மாறும், டிக்கெட் எடுக்கும் அன்றே பார்த்துக்கொள்.

பை எட்டு கிலோவைத் தாண்ட வேண்டாம். இங்கே தினமும் துவைக்கலாம், மழை இல்லாவிட்டால் அரை நாளில் காய்ந்துவிடும். நான்கு செட் பருத்தி உடுப்பு, ஒரு சால்வை, மூடிய காலணி ஒரு ஜோடி, குடை ஒன்று போதும். மின்செருகிக்கு மூன்று சதுரக் கால் உள்ள மாற்றி வேண்டும், உங்கள் ஊர் வட்டக் கால் நேராகப் பொருந்தாது. யாராவது 'இந்தப் பொட்டலத்தை மட்டும் எங்க மாமாகிட்ட குடுத்துடும்மா' என்றால், உறவினரே ஆனாலும், பிரித்துப் பார்க்காமல் வாங்காதே. போதைப்பொருள் சட்டம் இந்த நாட்டில் மிகக் கடுமை.

வந்து சேரும் நாள்

கோலாலம்பூரிலிருந்து வந்தால் இ.டி.எஸ். ரயில். நான்கைந்து மணி நேரம், முன்பதிவு கட்டாயம், பண்டிகைக் காலத்தில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். பெட்டிக்குள் ஏசி எலும்பைக் குடையும், சால்வை அதற்குத்தான். பினாங்கிலிருந்து வந்தால் படகில் கடலைக் கடந்து பட்டர்வொர்த். படகுத்துறை, பஸ், ரயில் மூன்றும் அங்கே பக்கத்துப் பக்கத்தில். பாடாங் பெசார் போகும் கொமுட்டர் ரயிலில் ஏறு. முக்கால் மணி நேரத்துக்குள் சுங்கைப்பட்டாணி.

நேரம் இந்தியாவைவிட இரண்டரை மணி முன்னால் ஓடும். காலை ஏழு மணிக்கும் இங்கே பொழுது முழுதாக விடிந்திருக்காது. உன் உடம்புக்கு அது நாலரை மணி. முதல் நாள் வேறு எதுவும் வைத்துக்கொள்ளாதே. குளி, சாப்பிடு, தங்கும் இடத்தைச் சுற்றி ஒரு நடை, மணிக்கூண்டு வரை போய்த் திரும்பு. இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் பேசு. அம்மாவுக்கு அங்கே மாலை ஆறரை, விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருப்பாள். தினமும் அதே நேரம் பேசினால் இரு பக்கமும் பயம் குறையும். முதல் ராத்திரி அழுகை வந்தால் அழுதுவிடு. எல்லோருக்கும் வருவதுதான்.

இரண்டு 'வெள்ளி'

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு வேலை நாள். மூடா ஆற்றுக்கு அந்தப் பக்கம், பினாங்கு மாநிலத்தில், சனி ஞாயிறு விடுமுறை. ஆற்றைக் கடந்தால் கிழமைக் கணக்கே மாறிவிடும். வங்கி, அரசாங்க அலுவலக வேலை இருந்தால் ஞாயிறு முதல் வியாழனுக்குள் முடி. வெள்ளி மதியத் தொழுகை நேரத்தில் பல கடைகள் மூடியிருக்கும். திருச்சிப் பெண் மாட்டிக்கொண்டது அங்கேதான். கையில் ரூபாய் இருந்தது, மாற்ற இடமில்லை. ரூபாயைப் பினாங்கு லிட்டில் இந்தியாவிலோ கோலாலம்பூரிலோ மாற்றிக்கொண்டு வா.

இன்னொரு வெள்ளி, ரிங்கிட். எங்கள் பேச்சில் ரிங்கிட்டுக்கு வெள்ளி என்று பெயர், சென்னுக்குக் காசு. 'ஆறு வெள்ளி அம்பது காசு' என்றால் அதுதான் விலை. பணத்தை மூன்று இடமாகப் பிரித்து வை. அன்றைய செலவு சட்டைப்பையில், மீதி பைக்குள், ஆபத்துக்கு நூறு வெள்ளி துணிக்கு நடுவில். கடவுச்சீட்டின் நகல் ஒன்றும் அதோடு இருக்கட்டும்.

'தண்ணி என்னம்மா?'

மாமாக் கடையில், அதாவது இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், உட்கார்ந்ததும் முதலில் இதைத்தான் கேட்பார்கள். என்ன குடிக்கிறாய் என்று அர்த்தம். வெறும் 'தே' என்றால் கெட்டியான இனிப்புப் பால் கலந்த தேநீர் வரும். பால் வேண்டாமென்றால் 'தே ஓ', சீனியும் வேண்டாமென்றால் 'தே ஓ கோசோங்', இனிப்பு குறைய வேண்டுமென்றால் 'குராங் மானிஸ்'. கட்டி எடுத்துப்போக 'புங்குஸ்'. காலையில் யாராவது 'பசியாறிட்டியா?' என்று கேட்டால், காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்கிறார்கள். ஆகவில்லை என்று சொன்னால் உன்னை விடமாட்டார்கள்.

சைவமாக இருந்தால் கவனமாகக் கேள். கங்கோங் கீரை வெறும் கீரைபோலத் தெரியும், ஆனால் பெலாச்சான், அதாவது இறால் விழுது, போட்டு வதக்கியிருப்பார்கள். நாசி லெமாக் சம்பலில் நெத்திலி இருக்கும். நாசி கண்டார் கடையில் நாலைந்து குழம்பை ஒன்றாக ஊற்றுவது வழக்கம். மாட்டிறைச்சி சாப்பிட மாட்டாய் என்றால் தட்டு நீட்டும் முன்னே சொல்லிவிடு, ஊற்றிய பிறகு சொன்னால் பயனில்லை. முதல் இரண்டு நாள் ரொட்டி சானாய், வாழை இலைச் சாப்பாடு, இட்லி என்று தெரிந்ததைச் சாப்பிடு. மூன்றாம் நாள் கெடா லக்சாவுக்குப் போ. மீன் குழம்பில் அரிசிமாவு நூடுல்ஸ், வெள்ளரியும் வெங்காயமும் அரிந்து மேலே தூவி வரும்.

நடையும் வண்டியும்

உள்ளூர்ப் பஸ்ஸை நம்பி நாளைத் திட்டமிடாதே, காத்திருந்தே பொழுது போய்விடும். ஊருக்குள் கிராப் வண்டி கிடைக்கும். ஆனால் தோட்டத்துக்குள்ளும் மெர்போக்கிலும் திரும்பிவர வண்டி கிடைப்பது கஷ்டம், போகும் ஓட்டுநரிடமே திரும்பும் நேரத்தையும் கூலியையும் பேசிக்கொள்.

சடக்கோரமாக, அதாவது சாலையோரமாக, நடக்கும்போது வண்டிகள் எதிரே வரும் பக்கமாக நட. பை எப்போதும் சடக்குக்கு மறுபக்கத் தோளில் இருக்கட்டும். எனக்கு இருபத்தைந்து வயதில், பட்டப்பகலில், பின்னாலிருந்து மோட்டாரில் வந்த இரண்டு பேர் பையைப் பிடித்து இழுத்தார்கள். நான் விடாமல் பிடித்துக்கொண்டு பத்தடி இழுபட்டுப் போனேன். முழங்கைத் தழும்பு இன்னும் இருக்கிறது. நீ விட்டுவிடு, தங்கச்சி. பை போனால் போகட்டும். அவசரத்துக்கு 999.

பேச்சுக்கு நாலு மலாய்ச் சொல் போதும்: 'பெராப்பா' விலை கேட்க, 'தோலோங்' உதவி கேட்க, 'தாக் மாவு' வேண்டாம் என்று சொல்ல, 'தெரிமா காசே' நன்றிக்கு. கெடா மலாய்க்காரர்கள் 'பெர்கி' என்பதை 'பி' என்று சுருக்குவார்கள். 'நாக் பி மானா?' என்றால் எங்கே போகிறாய் என்று கேட்கிறார்கள். வயதான அம்மாவை 'மாக்சிக்' என்றும், அக்கா வயதுப் பெண்ணைக் 'காக்' என்றும் கூப்பிடு. நம்மைப்போல அவர்களும் முறை வைத்துக் கூப்பிடுகிறவர்கள்தான்.

தோட்டத்துக்குள் போவதென்றால்

தோட்டம் என்றால் எங்களுக்கு ரப்பர்த் தோட்டமும் செம்பனைத் தோட்டமும்தான். அது கம்பெனியின் நிலம். வாசலில் ஜாகா, அதாவது காவல்காரர், இருப்பார். காரணம் சொல், பெயர் எழுது, சம்மதம் வாங்கு. நல்ல வழி, கோயில் வழி. மாரியம்மன் திருவிழா நாளில் போனால் வெளியாள் என்று யாரும் பார்க்கமாட்டார்கள், அன்னதானப் பந்தியில் உட்கார வைத்துவிடுவார்கள். பழைய தோட்டங்கள் பல துண்டாகி, எங்கள் ஆட்கள் பலர் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளுக்குக் குடிபோய்விட்டார்கள். ஆனாலும் திருவிழாவுக்குத் தோட்டத்துக் கோயிலுக்குத் திரும்பி வருவார்கள்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதைப் பார்க்க ஆசையிருந்தால், விடியும் முன்னே, தெரிந்தவரோடு போ. என் அம்மா தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு போவார். பட்டையில் கத்தி சரியும் சத்தம் முதலில் கேட்கும், பிறகு அந்தச் சரிவான கோட்டில் வெள்ளையாகப் பால் ஊறி, நுனிக்கு வந்து, கோப்பையில் சொட்டும். கோப்பையைத் தொடாதே. அது ஒருவருடைய அன்றைய கூலி. உறைந்த ஒட்டுப்பால் வாளிக்குப் பக்கத்தில் நின்றால் அந்த நாற்றம் உடுப்பில் ஏறும், இரண்டு துவையலுக்குப் போகாது. முகத்தைச் சுளிக்காதே. அந்த நாற்றத்தில்தான் நாங்கள் பள்ளிக்கூடம் போனோம். செம்பனையில் குலை வெட்டுகிற இடத்துக்குக் கீழே நிற்காதே. எலியைத் தேடிப் பாம்பு வரும், மூடிய காலணி இல்லாமல் போகாதே. கொசு மருந்து பூசிக்கொள்.

தொழிலாளர்களின் லயத்து வீட்டுக்குள் கூப்பிட்டால், கேட்காமல் படம் எடுக்காதே. வெறுங்கையோடும் போகாதே, ஒரு பொட்டலம் பிஸ்கட் போதும். ஊரிலிருந்து திருநீறோ முறுக்கோ கொண்டுவந்திருந்தால் அதைவிடப் பெரிதாக எதுவும் வேண்டாம்.

கடாரம் பார்க்கும் நாள்

நான்காம் நாள் மெர்போக்குக்குப் போ. அதற்கு முன்னே வேண்டாம். ஜெராய் மலையடிவாரத்தில் தொல்பொருள் காட்சியகம் இருக்கிறது. அதன் வளாகத்திலேயே ஓடைக்குப் பக்கமாகப் படியேறினால் புக்கிட் பத்து பாஹாட் கோயிலின் கல் அடித்தளம். தொல்பொருள் ஆய்வாளர் குவாரிச் வேல்ஸ் 1930களில் இந்த வட்டாரத்தை அகழ்ந்தார். இந்தக் கோயில் 1960இல் மறுபடி அடுக்கிக் கட்டப்பட்டது. கூரை மரத்தால் ஆனது, அது மிஞ்சவில்லை. தூண் நின்ற குழிக்கற்கள் மட்டும் வரிசையாக இருக்கும். காலையிலேயே போய்விடு, மதியத்துக்கு மேல் மழை பிடித்தால் படி வழுக்கும். கல்மேல் ஏறாதே, உட்காராதே. 2013இல் சுங்கை பத்துத் தோட்டத்தில் ஒரு பழங்கோயிலின் மிச்சத்தை நிலம் சமப்படுத்துவதற்காக இடித்தே விட்டார்கள். மிஞ்சியவை அவ்வளவு அருமையானவை.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் ராஜேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுக் கடாரப் படையெடுப்பைக் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். கேள், தப்பில்லை. ஆனால் திரும்பும் வழியில் பீடோங் வரும். 1940களின் நடுவில் அங்கே ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை கிளம்பியது. கூலியை விழுங்கும் கள்ளுக்கடைகளை மறித்து நின்றவர்கள் அவர்கள். 1947இல் போலீசோடு மோதல் வரை போனது. அந்தக் கதையையும் யாராவது பெரியவரிடம் கேள். கேட்க ஆளில்லாமல் அவர்கள் காத்திருக்கிறார்கள்.

'எந்த ஊரும்மா நீ?'

இந்தக் கேள்வி எங்கே போனாலும் வரும். 'சென்னை' என்று சொல்லி நிறுத்தாதே. உன் தாத்தா ஊர், தாலுகா, பக்கத்தில் ஓடும் ஆறு, பெரிய கோயில் எல்லாம் தெரிந்துகொண்டு வா. ஏனென்றால் கேட்கிறவர் ஒரு பெயரைத் தேடுகிறார்.

திருச்சிப் பெண் கிளம்புவதற்கு முந்தின நாள், எங்கள் தோட்டத்துப் பாட்டி ஒருவரிடம் அவளை அழைத்துப் போனேன். எண்பது தாண்டியவர். அவள் லால்குடி என்றதும் பாட்டி உள்ளே போய், மடித்து மடித்து நைந்த ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தார். கப்பலில் வந்த அவருடைய அப்பா சொல்லி எழுதியது. ஒரு கிராமத்தின் பெயர், ஓர் ஐயனார் கோயில், ஒரு வாய்க்கால். 'இது உங்க பக்கமாம்மா?' என்றார். அந்தப் பெண் உடனே ஆமாம் என்று சொல்லிவிடவில்லை. காகிதத்தைப் படம் எடுத்துக்கொண்டாள். 'விசாரிச்சுச் சொல்றேன் பாட்டி' என்றாள்.

ஒன்றரை மாதம் கழித்து என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. ஒரு வாய்க்கால், கரையில் மண்குதிரை. பாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

ஆகவே, தங்கச்சி, உன் பையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகமும் பேனாவும் இருக்கட்டும். யாராவது ஊர்ப்பெயர் சொன்னால் எழுதிக்கொள். போய்ப் பார்க்க முடியுமென்றால் மட்டும் வாக்குக் கொடு. கொடுத்தால் காப்பாற்று.