கை மறக்காது!

கேள்வி: எனக்கு 61 வயது. முப்பது வருடம் கழித்து ஷட்டில் பேட்டைத் தொட்டேன். சர்வீஸ் அப்படியே வந்தது. ஆனால் காலையில் அறிமுகமானவர் பெயர் மாலையில் நினைவில் இல்லை. இது நோயா? மறுபடி விளையாடலாமா?

பயப்படாதீர்கள். பெயரும் சர்வீஸும் மூளையில் ஒரே பெட்டியில் இருப்பதில்லை. 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மோலைசன் என்பவருக்கு வலிப்பைக் குறைக்க மூளை அறுவை நடந்தது. அதில் ஹிப்போகேம்பஸ் பகுதியின் பெரும்பங்கு போயிற்று. அதன்பின் புதிதாகக் கிட்டத்தட்ட எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. ஆனால் ஆய்வாளர் பிரெண்டா மில்னர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தபடியே நட்சத்திரம் வரையச் சொன்னபோது, மோலைசனின் கை நாளுக்கு நாள் தேறியது. வரைந்ததே அவருக்கு நினைவில்லை! கைப்பழக்கத்தைக் காப்பது சிறுமூளையும், மூளையின் அடியிலுள்ள நரம்பு முடிச்சுகளும்தான்.

பெயர்களைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் வயதோடு சுருங்கும். அதற்கும் வழி இருக்கிறது. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், 55 வயதைத் தாண்டிய 120 பேரில் ஒரு பாதியினர் வாரம் 3 நாள், 40 நிமிடம் வேகமாக நடந்தார்கள். ஓராண்டில் அவர்களுடைய ஹிப்போகேம்பஸ் சுமார் 2 சதவீதம் பெருத்தது. உடலை வளைத்து நீட்டும் பயிற்சி மட்டும் செய்த மற்றவர்களுக்குச் சுருங்கியது. எனக்கு மிகவும் நம்பிக்கை தந்த ஆய்வு இது.

தாராளமாக விளையாடுங்கள். உங்கள் கைக்கு நினைவிருக்கிறது, முழங்காலுக்கு முப்பது வருட இடைவெளி. முதல் இரண்டு வாரம் நடந்துவிட்டு, பிறகு கோர்ட்டில் இறங்குங்கள்.