துணியிலும் தாமரை இலை வித்தை

தாமரை இலையில தண்ணீர் ஏன் ஒட்டறதில்ல? இலை வழவழப்பா இருக்கறதாலன்னு நினைப்போம். இல்லீங்க! கண்ணுக்குத் தெரியாத மேடுகளும் அவற்றின் மேலுள்ள மெழுகும்தான் காரணம். துளி மேட்டு நுனிகளில் மட்டும் உட்கார்ந்து, அடியில் சிக்கிய காற்றின்மேல் உருளும். தூசியையும் அள்ளிக்கொண்டு போகும். ஜெர்மன் தாவரவியலாளர்கள் பார்த்லாட், நைன்ஹூயிஸ் இருவரும் 1997-ல் இதை விளக்கினார்கள்.

நானோ இழைத் துணியிலும் இதே வித்தைதான். பாலிமர் கரைசலை ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரத்தால் இழுத்து, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழையாக்குகிறார்கள். நீர் ஒட்டாத பாலிமர் என்றால், இழை இடுக்கில் மழைத்துளி நுழையாது. வியர்வை ஆவி மட்டும் வெளியேறும். மழைக்கோட்டுக்கு இதைவிட வேறென்ன வேணும்? தண்ணீரிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் வடிகட்டியாகவும் உதவும்.

ஆனா வாங்கறப்ப கவனிங்க. அடித்துத் துவைத்தால் அந்த நுண்மேடுகள் தேயும். எண்ணெய்ப் பிசுக்கு படிந்தாலும் தண்ணீர் ஒட்ட ஆரம்பிக்கும். 'நீர் ஒட்டாது' வேற, 'நீர் புகாது' வேற. லேபிளில் எது இருக்குன்னு பார்த்துட்டு, அப்புறம் போனை அந்தப் பையில போடுங்க.