கேஷைத் துடைக்கும் தம்பிக்கு



ராஸ்பெர்ரி பை 4-க்காகத் தம்பி எழுதிய குட்டிக் கர்னலின் தொடக்கக் கோப்பை இந்தக் கிழவன் படித்தான். பாதியிலேயே எரிச்சல் வந்துவிட்டது.

எரிச்சலுக்குக் காரணம் அந்த லூப். கேஷைச் சுத்தம் செய்யத் தம்பி செட், வே என்று எண்ணிக்கொண்டே முழுவதையும் சுற்றுகிறார். யு-பூட் பூட்லோடரும் அப்படித்தானே செய்கிறது என்று வாதாடுவார். அங்கே விழித்திருப்பது ஒரே கோர். தம்பியோ நான்கு கோர்களும் ஓடத் தொடங்கியபின், எஸ்டி கார்டு டிஎம்ஏவுக்கு முன்னாலும் அதே லூப்பை அழைக்கிறார். லூப்பின் செட்-வே கட்டளைகள் பக்கத்துக் கோரின் கேஷைத் தொடாது. லூப் சுற்றி முடிப்பதற்குள் ஒரு லைன் இங்கிருந்து அங்கே இடம் மாறிவிடும். கோர்களுக்கு வெளியே சிஸ்டம் கேஷ் இருக்கும் சிப்களில் அதற்கும் எட்டாமல் போகலாம். 64 பிட் ஆர்ம் லினக்ஸின் பூட் ஆவணம், இப்படிப்பட்ட இடங்களில் முகவரி வாரியாகத்தான் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும் என்கிறது.

இரண்டாவது, பக்க அட்டவணை. கேஷ் அணைந்திருக்கும்போது எழுதியது நேரே ரேமுக்குப் போகும். பூட்லோடர் விட்டுச்சென்ற பழைய லைன் அதே முகவரிக்குக் கேஷில் கிடந்தால்? எம்எம்யுவையும் கேஷையும் இயக்கும் எம், சி பிட்களை ஏற்றியதும் கோர் பழையதைப் படித்துவிடும். அந்த முகவரிகளை எழுதிய பிறகு இன்வாலிடேட் செய்யும் வரி தம்பியின் கோப்பில் இல்லை.

‘க்யூஎமுவில் ஓடுகிறது’ என்று மேலே கமென்ட் வேறு! க்யூஎமு கேஷையே போலி செய்வதில்லை. லூப்பை மொத்தமாக அழித்தாலும் அங்கே ஓடும். எமுலேட்டரின் சான்றிதழை நம்பிக் கேஷ் குறியீடு எழுதுவது, தண்ணீரில்லாத குளத்தில் நீச்சல் பழகுவது.

இன்டெல் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. 1989-இல் வந்த 486-இன் உள்ளே 8 கேபி கேஷ். பயாஸ் திரையில் ‘இன்டர்னல் கேஷ்’ என்றொரு வரி இருக்கும். பழைய விளையாட்டுகள் தலைதெறிக்க ஓடினால் பையன்கள் அதை அணைத்துவிட்டு ஆடுவார்கள். அந்தச் சிப்பிலேயே இரண்டு கட்டளைகள் இருந்தன. டபிள்யூபிஇன்விடி, மாறிய லைன்களை நினைவகத்தில் எழுதிவிட்டுக் கேஷைக் காலி செய்யும். இன்விடி எழுதாமலே வீசிவிடும். கோர்போட் போன்ற ஃபர்ம்வேர், ரேம் தயாராகும் முன் கேஷையே ரேமாக வைத்து ஸ்டாக் போடுகிறது. அந்த வித்தை முடிந்ததும் இன்விடிக்கும் ஒரு வேலை வாய்க்கிறது.

தம்பியின் கோப்புக்குத் திரும்பினால், லைன் அளவை 64 என்று நேரடியாக எழுதியதும் தவறு. ஃபுகாகு சூப்பர் கம்ப்யூட்டரின் ஏ64எஃப்எக்ஸ் சிப்பில் அது 256 பைட். அங்கே 64-ஐ நம்பி இன்வாலிடேட் செய்தால், அதே லைனில் இருக்கும் அண்டை வீட்டுத் தரவும் தொலையும். சிடிஆர் ரெஜிஸ்டரைக் கேட்டால் அதுவே அளவைச் சொல்லும்.

இவ்வளவு திட்டிய பிறகும் ஓரிடத்தில் கிழவன் எழுந்து நின்றான். மற்ற மூன்று கோர்களும் கேஷ் அணைந்த நிலையில் ஒரு முகவரியையே பார்த்துக் காத்திருக்கின்றன. அங்கே மதிப்பை எழுதி, அந்த லைனை ரேம் வரை தள்ளி, தடுப்புக் கட்டளை போட்டு, அதன் பிறகே எழுப்பும் சமிக்ஞை. நான்கே வரி, அப்பழுக்கில்லாத வரிசை! அனுபவசாலிகளும் இதில் சறுக்குவார்கள்.

அந்த நான்கு வரியை எழுதிய கையே டிஎம்ஏ பகுதியையும் திருத்தட்டும். அடுத்த முறை நிஜப் பலகையின் சீரியல் பதிவு வரவேண்டும்.