சாச்சாவின் இரத்தமும் ஒரு கேள்வியும்

மீலாத் தினத்தையொட்டி எங்கள் பள்ளிவாசலில் நடந்த இரத்ததான முகாமிலிருந்து சாச்சா கோபத்தோடு வீடு வந்தார். ஒரு மணித்தியாலம் வரிசையில் நின்ற பிறகு வைத்தியர் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். மாணிக்கக்கல் வியாபாரத்துக்காக மடகஸ்கார் போய் இரண்டு மாதத்துக்கு முன்புதான் திரும்பியிருந்தார். படிவத்தில் அதை எழுதியதுதான் காரணம்.

"எனக்கு ஒரு காய்ச்சல் கூட வரல்ல மகள். அடுத்த முறை மடகஸ்கார் கதையே எடுக்க மாட்டேன்" என்றார்.

அந்தக் கடைசி வசனம் எனக்குப் பயமாக இருந்தது. உயிரியல் கொப்பியின் பின்பக்கத்தில் படம் வரைந்து அவருக்கு விளங்கப்படுத்தினேன்.

மலேரியாவை உண்டாக்கும் பிளாஸ்மோடியம் என்ற ஒட்டுண்ணி, நுளம்பு கடித்ததும் முதலில் ஈரலுக்குப் போய்ப் பெருகும். பிறகுதான் செங்குழியங்களுக்குள் நுழையும். அதில் வைவாக்ஸ் என்ற இனம் ஈரலில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்துவிட்டு வெளியே வரக்கூடியது. மடகஸ்காரில் அந்த இனமும் உண்டு. மலேரியாப் பிரதேசத்திலேயே வளர்ந்தவர்கள் காய்ச்சலே இல்லாமல் ஒட்டுண்ணியைச் சுமப்பதும் உண்டு. ஆகவே காய்ச்சல் வராதது அத்தாட்சி ஆகாது. இரத்தம் ஏற்றும்போதோ நுளம்பும் தேவையில்லை, ஈரலும் தேவையில்லை. ஒட்டுண்ணி நேராக இன்னொருவரின் குருதிக்குள் போய்விடும். இரத்த வங்கியின் குளிரில் ஒரு வாரம் இருந்தாலும் அது சாகாமல் இருக்கலாம்.

"அப்ப இரத்தத்தைச் சோதிச்சுப் பார்க்கிறதுதானே?" என்று கேட்டார் சாச்சா. நல்ல கேள்வி. எமது நாட்டில் தானமாகக் கிடைக்கும் இரத்தத்தை எச்.ஐ.வி., ஈரலழற்சி பி, சி, சிபிலிஸ் ஆகியவற்றோடு மலேரியாவுக்கும் சோதிக்கிறார்கள். ஆனால் ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு பையில் 450 மில்லிலீற்றர், அதாவது 450,000 மைக்ரோலீற்றர் இரத்தம். அதில் ஆயிரம் ஒட்டுண்ணிகள் இருந்தால் 450 மைக்ரோலீற்றருக்கு ஒன்றுதான் வரும். நுணுக்குக்காட்டியில் வைக்கும் துளியோ சில மைக்ரோலீற்றர் மட்டுமே. அந்தத் துளியில் ஒன்றுமே அகப்படாமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். நோயை உண்டாக்க ஆயிரம் வேண்டியதும் இல்லை, மிகச் சிலவே போதும். துளி தவறவிடுவதைப் பிடிப்பது "அண்மையில் எந்த நாட்டுக்குப் போனீர்கள்?" என்ற கேள்விதான். அதற்குப் பொய் சொன்னால் எந்த இயந்திரமும் காட்டிக் கொடுக்காது.

அந்தப் பை ஒரு தலசீமியாப் பிள்ளைக்குப் போகலாம். அவர்களில் பலருக்கு மாதந்தோறும் இரத்தம் ஏற்ற வேண்டும். சிலருக்கு மண்ணீரலும் அகற்றப்பட்டிருக்கும். அப்படிப்பட்டவருக்கு மலேரியா வந்தால் மிகக் கடுமையாகும். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இது பெருமைதான். ஆனால் நோயைக் காணாத நாட்டில் காய்ச்சலோடு வரும் பிள்ளைக்கு மலேரியா என்று யாருக்கு உடனே தோன்றும்? நோய் போனாலும் நுளம்பு போகவில்லை. 1963இல் இலங்கையில் 17 மலேரியா நோயாளர்களே இருந்தார்கள். அந்தத் தசாப்தம் முடியுமுன் அது இலட்சக்கணக்காகிவிட்டது.

சாச்சா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, போகுமுன் மாத்திரை ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். மலேரியா தடை இயக்கம் பயணிகளுக்குத் தடுப்பு மாத்திரையை இலவசமாகவே கொடுக்கிறது என்றேன். இத்தனை பயணம் போயும் அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை!

மறுபடி இரத்தம் கொடுக்கலாம் என்று வைத்தியர் சொன்ன மாதத்தை இப்போது கலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கிறார். அதற்கிடையில் மடகஸ்கார் போனால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும் என்பதையும் சொல்லிவிட்டேன்.