கண் மங்க மங்க ஊரை வரைந்தவர்

இயற்கைக் காட்சி ஓவியர் ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னார் ட்ராயிங் சார். எங்க வகுப்பில் பாதிப் பேர் ரவிவர்மான்னு சொன்னாங்க. அவர் வரைந்தது பெரும்பாலும் ஆட்களைத்தான். அதனால் நான் மதுரைக்காரர் மனோகர் தேவதாஸை எடுத்துக்கொண்டேன்.

1936-ல் மதுரையில் பிறந்தவர். படித்தது சேதுபதி உயர்நிலைப் பள்ளி. (1904-ல் பாரதியார் சில மாதம் தமிழாசிரியராக இருந்தாரே, அதே பள்ளிதான்!) பிறகு அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல், சென்னையில் பேட்டரி கம்பெனி வேலை. ஓவியம் தானாகவே கற்றது.

வைகை ஆறு, யானைமலை, மீனாட்சியம்மன் கோபுரம், நாயக்கர் மகால் எல்லாவற்றையும் கறுப்பு மையில், பேனாவால் வரைந்தார். இதில் கஷ்டம் என்னன்னா, மையில் கறுப்பு மட்டும்தான் உண்டு, சாம்பல் நிறம் கிடையாது. நிழல் வேண்டுமென்றால் மெல்லிய கோடுகளை நெருக்கி நெருக்கிப் போடணும். வெளிச்சம் வேண்டுமென்றால் காகிதத்தை அப்படியே விட்டுவிடணும். பென்சில் மாதிரி ரப்பர் போட்டு அழிக்கவும் முடியாது.

இவ்வளவு நுணுக்கமாக வரைந்தவருக்குக் கண்ணில் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற நோய். அறிவியல் பாடத்தில் விழித்திரையில் கோல் செல்கள், கூம்பு செல்கள் என்று படித்தோம் அல்லவா? இந்த நோயில் பொதுவாகக் கோல் செல்கள்தான் முதலில் அழியும். அதனால் முதலில் இருட்டில் பார்வை குறையும், அப்புறம் ஓரப் பார்வை போகும். நடுவில் ஒரு சின்ன வட்டம்தான் மிஞ்சும். வருஷம் போகப் போக அந்த வட்டமும் சுருங்கும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். நோட்டுத் தாளை ஒல்லியாகச் சுருட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியே பாருங்க. விழுப்புரத்திலிருந்து ரயிலில் வருகிறவர்கள் ஜங்ஷன் நடைமேம்பாலத்தில் நின்று தண்டவாளத்தைப் பார்க்கலாம். சும்மா பார்த்தால் தண்டவாளங்கள் தூரத்தில் ஒரே புள்ளியில் சேர்வது போலத் தெரியும். அந்தப் புள்ளியை வைத்துத்தான் படத்தில் தூரத்தைக் காட்டுவோம். குழாய் வழியே பார்த்தால் ஒரு துண்டு இரும்புதான் தெரியுது! துண்டு துண்டாகப் பார்த்து, மனசில் சேர்த்து வைத்து, பிறகுதான் முழுசாக வரைய முடியும். அவர் தடித்த லென்ஸ் போட்டு, பிரகாசமான வெளிச்சத்தில் வரைவாராம்.

1972-ல் நடந்த கார் விபத்தில் அவர் மனைவி மஹிமாவுக்குக் கழுத்துக்குக் கீழே செயலிழந்துவிட்டது. 2008-ல் அவர் இறக்கும் வரை கூடவே இருந்து கவனித்துக்கொண்டார் மனோகர். அவர் படங்களை வாழ்த்து அட்டைகளாக அச்சடித்து, வந்த பணத்தை இருவரும் தர்மத்துக்குக் கொடுத்தார்கள்.

2007-ல் மதுரை ஓவியங்களைப் புத்தகமாகக் கொண்டுவந்தார். அவர் சின்ன வயசில் பார்த்த மதுரை, வயல் சூழ்ந்த யானைமலை, இன்று அப்படியே இல்லை. படத்தில் இருக்கிறது. 2020-க்கான பத்மஸ்ரீ விருது அவருக்குக் கிடைத்தது. 2022 டிசம்பரில் காலமானார்.

நம்ம திண்டிவனத்தை யாராவது இப்படி வரைந்து வைத்திருக்கிறார்களா என்று சாரிடம் கேட்டேன். "நீங்கதான் வரையணும்" என்றார். வரும் சனிக்கிழமை காலை கிடங்கல் ஏரிக்கரையில் ஆரம்பிக்கிறோம். அடுத்தது செஞ்சி ராஜகிரி. வருபவர்கள் அட்டையும் கறுப்பு மைப் பேனாவும் கொண்டு வாங்க. ரப்பர் வேண்டாம்.