திறந்த மூல மென்பொருளுக்கு நிரல் எழுதப் போறீங்களா? முதல்ல வழக்கத்தைத் தெரிஞ்சுக்கோங்க!

உங்க கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போனா? அப்படின்னா லினக்ஸ் உங்களுக்குப் புதுசு இல்லை. ஆண்ட்ராய்டுக்கு அடித்தளமாக இயங்குவது லினக்ஸ் கெர்னல்தான். ஃபின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் தொடங்கிய இந்த மென்பொருளுக்கு, இன்று பல நாடுகளில் இருந்தும் ஆயிரக்கணக்கானோர் நிரல் எழுதி அனுப்புகிறார்கள். நிரல் தெரிந்தால் நீங்களும் அனுப்பலாம். உங்க வீட்டில் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளும் அனுப்பலாம். கட்டணம் கிடையாது, பட்டச் சான்றிதழும் கேட்க மாட்டாங்க. ஆனா, அந்தத் திட்டத்தின் எழுத்து வழக்கத்தைப் பின்பற்றியே ஆகணும்.

"நிரல் ஒழுங்கா ஓடுது. எங்கே இடம் விட்டா என்ன, பேரு என்ன வெச்சா என்ன?" என்று கேட்கத் தோணும். அதற்குப் பதில் ஒரு உண்மைச் சம்பவத்தில் இருக்கு.

ஒரு வரி இரண்டு முறை வந்தது

2014 பிப்ரவரியில் ஐபோன்களுக்கு ஆப்பிள் நிறுவனம் அவசரமாக ஒரு அப்டேட் வெளியிட்டது. நாம் வங்கித் தளத்தைத் திறக்கும்போது, எதிரில் இருப்பது உண்மையான தளம்தானா என்று போன் சரிபார்க்க வேண்டும். அந்த வேலையைச் செய்யும் நிரலில் 'கோட்டூ ஃபெயில்' என்ற வரி தவறுதலாக அடுத்தடுத்து இரண்டு முறை இடம்பெற்றிருந்தது.

முதல் வரி, தவறு நடந்தால் மட்டும் ஓட வேண்டியது. இரண்டாவது வரியும் அதே அளவு உள்தள்ளி எழுதப்பட்டிருந்ததால், பார்ப்பவர் கண்ணுக்கு அதுவும் அந்த நிபந்தனைக்குள் இருப்பதுபோலவே தெரிந்தது. கணினி அப்படிப் பார்க்காது. அடைப்புக்குறி இல்லாததால், நிபந்தனைக்குக் கட்டுப்படாமல் ஒவ்வொரு முறையும் இரண்டாவது வரி ஓடியது. கையொப்பச் சோதனை நடக்காமலேயே 'எல்லாம் சரி' என்ற முடிவு வந்தது. அதே வைஃபையில் இருக்கும் ஒருவர், போலித் தளத்தை உண்மைத் தளம்போல் காட்டி ஏமாற்ற வழி திறந்தது.

கணினி இலக்கணத்தைப் படிக்கிறது. மனிதர் அமைப்பைப் படிக்கிறார். இரண்டும் ஒன்றையே சொல்லும்படி பார்த்துக்கொள்வதுதான் எழுத்து வழக்கத்தின் வேலை.

லினக்ஸ் கெர்னல் என்ன சொல்கிறது?

எல்லாருக்கும் பொதுவாக இருக்கும் அதன் வழக்க ஆவணத்திலிருந்து சில விதிகள்:

1. உள்தள்ளலுக்கு டேப் விசை. ஒரு டேப் 8 எழுத்து அகலம். மூன்று அடுக்குக்கு மேல் உள்ளே போனால், நிரலைப் பிரித்து எழுதுங்கள்.

2. ஒரு வரி 80 எழுத்துக்குள் இருப்பது நல்லது.

3. ஒரு ஃபங்ஷன் ஒரே ஒரு வேலையைச் செய்யட்டும். ஒன்று அல்லது இரண்டு திரைக்குள் அடங்கட்டும்.

4. உள்ளே மட்டும் பயன்படும் பெயர் சிறியதாக இருக்கலாம். நிரல் முழுக்கப் பயன்படும் பெயரோ, பார்த்ததுமே அதன் வேலையைச் சொல்லணும்.

5. நிரல் என்ன செய்கிறது என்று குறிப்பில் எழுதுங்கள். எப்படிச் செய்கிறது என்பது நிரலைப் படித்தாலே புரியணும்.

ஒன்றை மறக்காதீங்க: வழக்கம் திட்டத்துக்குத் திட்டம் மாறும். பைத்தான் மொழியின் 'பெப் 8' விதி, டேப் வேண்டாம், 4 இடைவெளி விடுங்கள் என்கிறது. நிபந்தனைக்குக் கீழே ஒரே வரி இருந்தால் அடைப்புக்குறி தேவையில்லை என்பது லினக்ஸ் வழக்கம். அப்போதும் போட்டே ஆகணும் என்கிற திட்டங்களும் உண்டு. எது உசத்தி என்று வாதாட வேண்டாம். எந்தத் திட்டத்துக்கு எழுதறீங்களோ, அதன் வழக்கமே உங்க வழக்கம்.

முதல் திருத்தத்தை அனுப்புவது எப்படி?

● வழக்க ஆவணத்தை முழுசாப் படிங்க. நீங்க திருத்தப் போகும் கோப்பில் ஏற்கெனவே எப்படி எழுதியிருக்காங்க என்றும் பாருங்க.

● ஒரு திருத்தத்தில் ஒரே மாற்றம். பிழையையும் சரிசெய்து, கூடவே பழைய வரிகளின் இடைவெளியையும் மாற்றினால், எது முக்கியம் என்று சரிபார்ப்பவருக்குத் தெரியாது.

● 'செக்பேட்ச்' கருவியில் ஓட்டிப் பாருங்க. வழக்கம் மீறிய இடங்களை அதுவே காட்டிக் கொடுக்கும்.

● எது பிரச்சினை, ஏன் இந்த மாற்றம் என்று சுருக்கமாக எழுதுங்க. 'பிழை சரிசெய்யப்பட்டது' என்று மட்டும் எழுதினால் போதாது.

● இறுதியில் 'சைன்டு ஆஃப் பை' வரியில் உங்க பெயரும் மின்னஞ்சலும் இருக்கணும். இந்த நிரலைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி அது. 2004 முதல் இருக்கும் நடைமுறை.

● அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்க. யார் பொறுப்பு என்பதைச் சொல்லவும் கெர்னலிலேயே ஒரு கருவி இருக்கு.

திருத்தச் சொல்லிப் பதில் வந்தால் மனம் தளராதீங்க. அனுபவசாலிகளும் இரண்டாம், மூன்றாம் பதிப்பு அனுப்புவது சாதாரணம். பழகிப் பார்க்க, கெர்னலின் 'ஸ்டேஜிங்' பகுதி நல்ல இடம். இன்னும் மெருகேற்ற வேண்டிய நிரல்கள் அங்கேதான் இருக்கின்றன.

நீங்க எழுதும் ஒரு வரியை, முன்பின் தெரியாத ஒருவர் பத்து வருஷம் கழித்துத் திறந்து பார்க்கலாம். கேட்டுத் தெரிஞ்சுக்க அப்போ நீங்க பக்கத்தில் இருக்க மாட்டீங்க. அவருக்குப் புரியும்படி எழுதுங்க. அந்த நிரலை நம்பி இருக்கும் போன்களுக்கும் அதுதான் பாதுகாப்பு.