புல்லைத் தரிசு என்று நினைக்காதீர்கள்

அன்புள்ள வாசக நண்பருக்கு,

உங்கள் ஊர்க் கண்மாயைத் தூர்வாரி, மேய்ச்சல் புறம்போக்கு முழுக்க மரக்கன்று நடப்போவதாக எழுதியிருந்தீர்கள். பறவைகள் வரவேண்டும் என்கிற ஆசை எனக்கும் உண்டு. அதனாலேயே கேட்டுக்கொள்கிறேன், மேய்ச்சல் தரையில் கன்று நடாதீர்கள்.

அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசலில் மரம் இல்லாத இடமெல்லாம் கணக்கில் தரிசு. ஆனால் ஆள்காட்டி வெறுந்தரையில்தான் முட்டையிடும். வானம்பாடி புல்லடியில் கூடு வைக்கும். குளிர்காலத்தில் மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து வரும் பூனைப்பருந்துகள் பகலெல்லாம் வெட்டுக்கிளி பிடித்துத் தின்று, இரவில் புல்லுக்குள் தரையிலேயே அடையும். மரம் அடர்ந்தால் இவை எங்கே போகும்? மேய்ச்சல் தரையில் செய்யவேண்டியது சீமைக்கருவேலத்தைத் தூரோடு எடுப்பது. மேலாக வெட்டினால் மறுபடி தழைத்துவிடும். பிறகு ஆட்டுக்காரர்களிடம் பேசி, மழைக்காலத்தில் மட்டும் ஒரு பகுதியில் மேய்ச்சலை நிறுத்தி வையுங்கள். கொழுக்கட்டைப்புல் விதை பிடிக்க அந்த அவகாசம் போதும்.

கண்மாய்க்குள் கதை வேறு. முதுகுளத்தூர்ப் பக்கம் சித்திரங்குடிக்கு ஒருமுறை போய்வாருங்கள். 1989-இல் சரணாலயமாகி, 2022-இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட அதுவும் மழையை நம்பிய கண்மாய்தான். ஐப்பசி, கார்த்திகையில் பெருகினால், தண்ணீருக்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில் சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும். சுற்றிலும் நீர் நிற்பதால் நாயும் பூனையும் அண்டாது. குஞ்சுகள் இறக்கை முளைத்துப் பறக்கும்வரை அந்த நீர் வற்றாமல் இருக்கவேண்டும். கண்மாய் பெருகாத வருஷம் கூடும் இல்லை. ஆகவே உள்ளே நிற்கும் கருவேலத்தை ஏலத்தில் விட்டுவிடாதீர்கள். அது இல்லாத இடத்தில் சீமைக்கருவேலத்திலும் பறவை கூடு கட்டும் என்பதால், நாட்டுமரம் வளரும்வரை அதையும் கொஞ்சம் கொஞ்சமாகவே எடுங்கள்.

தூர்வாருவதிலும் ஒரு கவலை. பொக்லைனைவிட்டுக் கிணறுபோலத் தோண்டினால் ஆழம் கிடைக்கும், பறவைக்கு இரை கிடைக்காது. உள்ளானும் அரிவாள்மூக்கனும் கணுக்கால் தண்ணீரில் நின்று மேய்கிறவை. கரையோரம் சரிவாக இருக்கட்டும். வண்டலை வயலுக்குக் கொண்டுபோங்கள். மரத்தடி மண்ணில் மட்டும் கை வைக்கவேண்டாம்.

எதற்கும் முன்னால் வரத்துக்கால். அது அடைபட்டுக் கிடந்தால் மற்ற வேலையெல்லாம் வீண். ஆகஸ்ட் 15 கிராம சபையில் அதைத்தான் முதல் தீர்மானமாக வையுங்கள். புரட்டாசிக்குள் வெட்டி முடித்தால் இந்த வருஷ மழையே கண்மாய்க்குள் வந்து சேரும்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்